தலைவலிதானே என்று இருந்துவிடாதீர்கள்: கர்ப்பகால இரத்தக் கொதிப்பும் பிரசவமும்



எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது எங்கள் லயத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காவது வீட்டு அக்காவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. லயம் முழுக்கச் சீனி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்த அக்கா, "அத்தை, மண்டை பிளக்கிற மாதிரி வலிக்குது, கண்ணு மங்கலா இருக்கு" என்றார். "பிள்ளை பெத்த உடம்பு, காத்துப் பூந்திருக்கும்" என்று சொல்லி, தலையில் துணியைக் கட்டி, கோடாலித் தைலம் தேய்த்து, காயம் இடித்துக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நடுராத்திரியில் கை கால் வெட்டி இழுத்தது. "ஜன்னி கண்டிருச்சு" என்று கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். பல்லுக்கிடையில் கரண்டிக் காம்பை வைத்தார்கள். பூசாரி வந்து விபூதி போட்டார். தோட்டத்து லாரி கிளம்பும்போது விடிந்துவிட்டது. அந்த அக்கா திரும்பி வரவில்லை. பிள்ளையைச் சித்திமார்கள் வளர்த்தார்கள்.

அன்றைக்கு அங்கிருந்த யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாரும் அந்தப் பெண் மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தாம். அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது காற்றும் அல்ல, பேயும் அல்ல. கர்ப்பத்தால் வரும் இரத்தக் கொதிப்பு. ஆங்கிலத்தில் பிரி-எக்லாம்சியா என்பார்கள். முற்றி வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு பெண்ணை அப்படிப் போகவிட்டால், அது நம் குற்றம்தான். ஆகவே இந்தப் பாடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இது என்ன நோய்?

பிள்ளைக்கு உணவும் காற்றும் கொடுப்பது நஞ்சு. மரத்தின் வேர் மண்ணுக்குள் இறங்குவதுபோல, நஞ்சு கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பைச் சுவருக்குள் நன்றாக இறங்க வேண்டும். அங்குள்ள இரத்தக் குழாய்களும் அகலமாக வேண்டும். சிலருக்கு இது சரியாக நடப்பதில்லை. போதுமான இரத்தம் கிடைக்காத நஞ்சு, சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, உடம்பில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. முற்றினால் ஈரல், கண், மூளை என்று ஒவ்வொன்றாகத் தொடுகிறது. மூளையைத் தொடும்போதுதான் வலிப்பு. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சரியாக வளராமல் இளைத்துப் போகும்.

உலகம் முழுவதும் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். நீங்கள் ஏதோ தவறு செய்ததால் வந்த நோய் அல்ல. கோபப்பட்டதாலும் அல்ல, கண் பட்டதாலும் அல்ல.

சொல்லிக்கொள்ளாமல் வரும் நோய்

சகோதரிகளே, இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்: ஆரம்பத்தில் இந்த நோய் வலிக்காது. பால் வெட்டுக்குப் போவீர்கள், உதிரிப்பழம் பொறுக்குவீர்கள், வீட்டுக்கு வந்து சமைப்பீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பிரஷர் 150, 160 என்று ஏறிக்கொண்டிருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் மிஸி கையில் பட்டையைச் சுற்றி அழுத்துகிறார். சிறு போத்தலில் சிறுநீர் கேட்கிறார். "போன மாசம்தானே பார்த்தாங்க, இந்த மாசம் போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்" என்று நிற்காதீர்கள். போன மாதம் நன்றாக இருந்தது இந்த மாதத்துக்குச் சாட்சி அல்ல. ஏழு மாதத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசி மாதத்தில் வாரா வாரம் வரச் சொல்வது இதற்காகத்தான்.

மிஸி இரண்டு எண்களைச் சொல்வார். மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது கர்ப்பிணிக்கு அதிகம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். 160-க்கு 110 என்று போய்விட்டால் அது அவசரம்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அதில் ஒட்டும் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. வெள்ளை என்றால் கிளினிக் மிஸி பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் பெரிய டாக்டர் பார்க்க வேண்டும். நாள் கடத்தக் கூடாது. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. சிவப்பு ஒட்டிய பிறகு, "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, மாமியாரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பாதீர்கள்.

யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

முதல் பிள்ளை சுமப்பவர்கள். முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்கள். ஏற்கனவே இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், சிறுநீரக நோய் உள்ளவர்கள். இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள். 40 வயதைத் தாண்டியவர்கள். உடம்பு அதிகம் பருத்தவர்கள். பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டு மறுபடியும் உண்டானவர்கள். தாய்க்கோ கூடப் பிறந்த அக்கா தங்கைக்கோ வந்திருந்தவர்கள். இவர்கள் முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களில் தேவையானவர்களுக்கு 12 வாரத்திலிருந்து தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரை, 75 முதல் 150 மில்லிகிராம் வரை, டாக்டர் எழுதிக் கொடுப்பார். அது நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது. ஆகவே வயிறு தெரிந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். ஆனால் கடையில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

இந்த அடையாளங்கள் கண்டால் பொழுது விடியக் காத்திருக்காதீர்கள்

1. பெனடால் போட்டும் விடாத தலைவலி.
2. கண் மங்குவது, கண்ணுக்கு முன் மின்னுவது, பூச்சி பறப்பதுபோல் தெரிவது.
3. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, அதோடு வாந்தி. இதைக் காஸ்டிரிக் என்று நினைத்துச் சோடா குடித்து ஏமாந்தவர்கள் பலர்.
4. முகமும் கையும் திடீரென்று வீங்குவது. நேற்று கழன்ற மோதிரம் இன்று கழலாமல் இருப்பது.
5. மூச்சு முட்டுவது, சிறுநீர் குறைந்துபோவது.
6. பிள்ளையின் அசைவு குறைவது; வயிறு கல்லுபோல் இறுகி வலிப்பது; இரத்தம் படுவது.

சாயங்காலத்தில் கால் மட்டும் கொஞ்சம் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கு உண்டு. அது மட்டும் நோய் ஆகாது. அதே சமயம், வீக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். "கால் வீங்கினா ஆம்பளப் பிள்ளை" என்று சொல்வதையெல்லாம் சிரித்துவிட்டு விடுங்கள். பிரஷரை அளந்து பாருங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. பார்லித் தண்ணி குடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அது இந்த நோயைத் தீர்க்காது. உப்பை அடியோடு நிறுத்திச் சப்பென்று சாப்பிடுவதாலும் தீராது. யாருக்கோ கொடுத்த நீர் மாத்திரையை வாங்கிப் போட்டு வீக்கத்தை வடிய வைக்கப் பார்ப்பது ஆபத்து. டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை, "பிள்ளைக்குச் சூடு" என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். மெத்தில்டோப்பா, லாபெட்டலோல், நிஃபெடிபின் போன்றவை கர்ப்பிணிகளுக்கென்று பார்த்துக் கொடுக்கிற மாத்திரைகள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பயத்துக்குப் பாதிக் காரணம், என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இந்த நோய்க்கு முடிவான மருந்து ஒன்றுதான்: பிள்ளையும் நஞ்சும் வெளியே வருவது. ஆகவே டாக்டர் இரண்டு உயிரையும் தராசில் வைத்துத்தான் நாள் குறிப்பார். நோய் கடுமையாக இல்லை என்றால், மாத்திரை கொடுத்து, இரத்தமும் சிறுநீரும் பார்த்து, 37 வாரம் வரை கொண்டுபோகப் பார்ப்பார்கள். அதன்பின் காத்திருப்பதில் லாபம் இல்லை. கடுமையாகிவிட்டால் முன்கூட்டியே பிரசவம் பார்ப்பார்கள். 34 வாரத்துக்கு முன் பிள்ளையை எடுக்க வேண்டி வரும் என்று தெரிந்தால், பிள்ளையின் நுரையீரல் பலப்படத் தாய்க்கு ஊசி போடுவார்கள்.

"பிரஷர் என்றால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள்" என்பது சரியல்ல. பலருக்கு மருந்து வைத்தோ டிரிப் ஏற்றியோ வலி வர வைத்து, சாதாரணமாகவே பிள்ளை பிறக்கிறது. தாய்க்கோ பிள்ளைக்கோ காத்திருக்க நேரம் இல்லை என்றால்தான் ஆப்பரேஷன்.

பிரசவ அறையில் அடிக்கடி பிரஷர் அளப்பார்கள். தூங்கவிடாமல் அளக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் பெல்ட் கட்டிப் பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்பார்கள். சிறுநீரை அளக்கக் குழாய் போடுவார்கள். தண்ணீரும் டிரிப்பும் அளவாகத்தான் கிடைக்கும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்பதற்காக.

கடுமையானவர்களுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் என்ற மருந்தை ஏற்றுவார்கள். வலிப்பைத் தடுப்பதற்கு இதுதான் முதல் மருந்து. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெரியவந்தது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் காந்தும், முகம் சிவக்கும், வாந்தி வருவதுபோல் இருக்கும். பயப்படாதீர்கள். மிஸி சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார். மருந்து அளவு மீறவில்லை என்று பார்ப்பதற்காகத்தான். பிள்ளை பிறந்த பிறகும் சுமார் 24 மணி நேரம் இது ஓடும்.

வலி தாங்க முடியவில்லை என்றால் கேளுங்கள். முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி, இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், இந்த நோய் உள்ளவர்களுக்கும் போடலாம். வலி குறைவதால் பிரஷரும் மட்டுப்படும். இன்னொன்று: பிள்ளை பிறந்ததும் இரத்தப் போக்கைக் குறைக்கப் போடும் ஊசிகளில் எர்கோமெட்ரின் கலந்தது பிரஷரை ஏற்றும். பிரஷர்காரர்களுக்கு ஆக்ஸிடோசின் போடுவார்கள். அதனால் எந்த நேரத்தில், எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாலும் முதல் வார்த்தை, "எனக்குப் பிரஷர் இருக்கு" என்பதாக இருக்கட்டும். வலியில் நீங்கள் பேச முடியாவிட்டால் கூட வருபவர் சொல்ல வேண்டும். புத்தகமும் கையில் இருக்க வேண்டும்.

வழியிலோ வீட்டிலோ வலிப்பு வந்துவிட்டால்

உடனே 999-க்குப் போன் செய்யுங்கள். அவரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கட்டில் கால், அடுப்பு, கத்தி எல்லாவற்றையும் அகற்றுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்புச் சாவி வேண்டாம். அதைத் தேடும் நேரத்தில் கார் சாவியைத் தேடுங்கள். வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வலிப்பு நின்றுவிட்டது என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். அடுத்தது வருவதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

முன்பு பல தோட்டங்களில் டிரஸர் இருந்தார். நள்ளிரவில் கதவைத் தட்டலாம். இன்று பல இடங்களில் அந்த வசதி இல்லை. செம்பனைக் காட்டுச் சாலையில் மெயின் ரோட்டைப் பிடிக்கவே நேரமாகும். ஆகவே ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்து வையுங்கள்: ராத்திரியில் யார் கார் வரும்? அவர் இல்லாவிட்டால் அடுத்து யார்? கேட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? கிளினிக் நம்பர் சுவரில் எழுதியிருக்கிறதா?

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிவதில்லை

நான் முதலில் சொன்ன அக்கா பிள்ளை பெற்ற பிறகுதான் போனார். இதைத்தான் பலர் நம்புவதில்லை. நஞ்சு வெளியேறினாலும் அது கெடுத்த இரத்தக் குழாய்கள் சரியாக நாள் பிடிக்கும். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடியும் ஏறுவதுண்டு. பிரசவத்துக்கு முன் பிரஷரே இல்லாதவர்களுக்கும் பின்னால் வருவதுண்டு. ஆறு வாரம் வரை கவனம் வேண்டும்.

வீட்டுக்கு வரும் தாதியைப் பிரஷர் பார்க்காமல் அனுப்பாதீர்கள். மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். பத்தியம் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைவலியும் கண் மங்கலும் வந்தால் காயம் இடிக்க உட்காராதீர்கள். பிராந்தி, சம்சு எதுவும் மருந்து அல்ல. ஆறாம் வாரம் கிளினிக்குக்குப் போய்ப் பிரஷரும் சிறுநீரும் பார்த்து, அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி, எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை என்று கேளுங்கள். இந்த நோய் ஒரு முறை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளை வளர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை பிரஷர் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 1.1.2023 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவரை 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை 98 நாளாகியது. 22 வாரத்துக்குப் பின் பிரசவமாகிப் பிள்ளை உயிருடன் இல்லாவிட்டாலும் அது பிரசவமே. அந்தத் தாய்க்கும் விடுமுறை உண்டு. கர்ப்பமாக இருக்கிறார், கர்ப்பத்தால் நோய்ப்பட்டிருக்கிறார் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுமுறை உண்டு. மணமான தந்தைக்கு, ஓராண்டு வேலை செய்து முன்கூட்டியே தெரிவித்திருந்தால், 7 நாள் விடுமுறை. தோழர்களே, அந்த 7 நாள் உங்களுக்கு எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்: ஆபத்தான மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் அதற்குள்தான் வருகின்றன. மண்டோர் முணுமுணுத்தால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். கிளினிக் சீட்டைப் பத்திரப்படுத்திக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, லயத்தில் பொறுப்பான ஒருவர் வீட்டில் வையுங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை, நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கையின் பருமனுக்கு ஏற்ற பட்டை வேண்டும். இது கிளினிக்குக்குப் பதில் அல்ல. இரண்டு கிளினிக் நாளுக்கு நடுவே கண்காணிக்க ஒரு துணை.

படித்து முடித்ததும் மகளிர் கூட்டத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்

1. என்னுடைய கடைசிப் பிரஷர் எவ்வளவு? எண் தெரியுமா?
2. என் புத்தகத்தில் என்ன நிறம் ஒட்டியிருக்கிறது?
3. ராத்திரி இரண்டு மணிக்கு யார் வண்டி எடுப்பார்?
4. பிள்ளை பெற்று நான்காம் நாள் ஒருத்தி தலைவலி என்றால் நாம் முதலில் என்ன செய்வோம்?

நான்காவது கேள்விக்கு எங்கள் லயத்தில் அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. உங்கள் லயத்தில் மாமியாருக்கும் தெரியட்டும், மருமகளுக்கும் தெரியட்டும், பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரியட்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ராத்திரியில் முதலில் எழுந்து வந்து பார்ப்பவர்கள் அவர்கள்தாம்.